தண்ணீர் பட்டதா?

...இல்லை, மூன்றாவது செம்பு ஊற்றும்போது காக்கை கத்திவிட்டது, மனசு ஒரு கணம் அந்தப் பக்கம் போய்விட்டது, அதனால் அது செல்லாது, முதலிலிருந்துதான் வரவேண்டும், பிதாவுக்கு ஒன்று, சுதனுக்கு ஒன்று, இஸ்பிரீத்து சாந்துவுக்கு ஒன்று, வார்த்தை ஓடும்போதே தண்ணீரும் ஓடவேண்டும், இரண்டில் ஒன்று முந்திக்கொண்டாலும் போச்சு... மர்சலின் கொல்லைக் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நான்காவது தடவையாக ஆரம்பித்தாள். வாசலில் ஜட்கா வந்து அரைமணி ஆகிறது. குதிரை தலையை உதறும் மணிச்சத்தம் கேட்கிறது, வண்டிக்காரன் கரீமுல்லா தொண்டையைச் செருமுவது கேட்கிறது, தம்பி விக்டர் கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பது கேட்கிறது, ஆனால் யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் மறுபடி முதலிலிருந்து என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கையைப் பார்த்தாள். நாற்பது வயதுக்காரியின் கை இல்லை அது, வருஷம் முழுக்கச் சாயத்தொட்டியில் கிடந்த கை, விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு, பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் தூள் அதில் இறங்கினால் கண்ணில் நீர் வரும், பின்வரிசைப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் தண்ணி டீச்சர் என்கிறார்கள், சொல்லட்டுமே, பொய்யா சொல்கிறார்கள்? சண்டைக்காலத்தில் சோப்புக்கு ஊரே அலைந்தபோதுகூட தம்பி பெண்சாதி ஃப்ளோரன்ஸ் ஒரு வார்த்தை பேசாமல் சோப்புக் கட்டியை நாலாக அறுத்து ஒரு துண்டை இந்தக் குழாயடிக் கல்லில் வைத்துவிட்டுப் போவாள். அந்தப் புண்ணியவதியின் குழந்தையை இன்றைக்குக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். ஞானஸ்நானத்துக்குத் தாய் வரக்கூடாது, பிள்ளை பெற்று எட்டே நாள், ஞானத்தாய்தான் தூக்கிப்போகவேண்டும், தண்ணீர் ஊற்றும் நேரத்தில் ஞானத்தாயின் கை குழந்தைமேல் இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அவள் ஞானத்தாயே இல்லை. இந்தக் கையா? இந்தக் கைதான் வேண்டுமென்கிறான் விக்டர்.

எத்தனை தடவை மாட்டேன் என்றாள், வேறு யாரையாவது கேள் என்றாள், ஃப்ளோரன்ஸ் பக்கத்தில் ஆளா இல்லை என்றாள், அவன் அப்படியே நின்றான், எனக்கு அ ஆவன்னா சொல்லிக் கொடுத்தது நீ, நீ வர்றதுன்னா ஞானஸ்நானம், இல்லைன்னா பிள்ளை அப்படியே கிடக்கட்டும் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான். அப்படியே கிடக்கட்டும் என்ற பேச்சு அவளை என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியுமா, தெரியாமலா சொன்னான்? ஞானஸ்நானம் இல்லாமல் ஒரு பிள்ளை கிடப்பதா? அதனால்தான் சரி என்றாள், சரி என்றபோதே ஒரு உபாயமும் வைத்திருந்தாள். பிரசவம் பார்த்த அந்தோணியம்மாளும் ஜட்காவில் வருகிறாளே, வழியெல்லாம் அவள் தூக்கி வரட்டும், கோயிலில் அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் நாம் கையை வைப்போம், ஒரு விரல் போதாதா... ஆனால் அந்தோணியம்மாள் யார், குப்பத்துக்காரி, காலையில் மீன், கூப்பிட்டால் பிள்ளைப்பேறு, அறுபதைத் தாண்டியும் கூடையைத் தானே தலையில் ஏற்றிக்கொள்கிறவள். ஜட்காவுக்குள் ஏறிச் சம்மணம் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தன் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து, "இன்னா பாப்பா, என்னாண்ட குடுக்கச் சொல்றே? காலைல வவ்வா மீனு அரிஞ்ச கை, இன்னும் நாத்தம் போவல. வெள்ளத் துணி சுத்துன புள்ளய இதுலயா வாங்கறது? நீதான் ஊருக்கே சேத்துக் கை கய்வுற ஆளாச்சே, நீயே வச்சிக்க" என்றுவிட்டாள். கரீமுல்லாகூடச் சிரித்தான். விக்டர் முன்னால் அவனோடு ஏறிக்கொண்டான், ஃப்ளோரன்ஸ் குழந்தையை வண்டிக்குள் வைத்துவிட்டு வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள், ஜட்கா ஒரு குலுக்கலோடு கிளம்பிவிட்டது, குழந்தை மர்சலினின் மடியில் இருந்தது.

மடியில்தான், கையில் இல்லை. கை இரண்டையும் குழந்தைக்கு இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் தள்ளி, தொடாமல், தடுப்புச்சுவர் மாதிரி வைத்துக்கொண்டாள். லஸ்ஸைத் தாண்டிக் கச்சேரி ரோட்டில் வண்டி இறங்கியது, மூன்று நாள் மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கிற சாயங்காலம், சாக்கடை ஓரமெல்லாம் செம்மண் தண்ணீர், தண்ணீரைப் பார்த்தால் அவளுக்கு அந்தச் செம்புதான் நினைவுக்கு வரும், வராமல் இருந்த நாள் உண்டா? விளிம்பில் ஒரு நசுங்கல், அடியில் ஈயம் பூசின இடம் கறுத்திருக்கும், பிடிக்கிற இடத்தில் அப்பா பெயரின் முதல் எழுத்து. ஒன்பது வயது அவளுக்கு. ஜெர்மன்காரனின் எம்டன் கப்பல் பட்டணத்தின்மேல் குண்டு போட்டதற்கு மறுநாள் காலை. முதல்நாள் எண்ணெய் டாங்கு எரிந்த வெளிச்சம் சாந்தோம் வரைக்கும் தெரிந்ததாம், விடிந்ததும் பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது, தெருவில் கதவெல்லாம் பூட்டு, அப்பா மாட்டுவண்டி தேடிப் போனார், அம்மாவுக்குப் பயத்தில் ஏழாம் மாதமே வலி எடுத்துவிட்டது. ஓடிப்போய் அந்தோணியம்மாளைக் கூட்டிவந்தது மர்சலின்தான். அப்போது அந்தோணியம்மாள் முப்பது வயதுப் பெண், மாமியாரிடம் தொழில் படித்துக்கொண்டிருந்தவள். பிள்ளை வந்தது, கூடவே ரத்தமும் வந்தது, நிற்கவில்லை, அந்தோணியம்மாள் இரண்டு கையாலும் அம்மாவின் வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், பாப்பா, புள்ள நிக்காது, நீ தண்ணிய ஊத்தி ஜெபத்தச் சொல்லு, சீக்கிரம் சொல்லு என்று கத்தினாள். சாமியாரைக் கூப்பிட ஆளில்லை. ஆபத்து நேரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று கோயிலில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், ஒன்பது வயதுப் பிள்ளைகூடக் கொடுக்கலாம், தண்ணீர் தலையில் படவேண்டும், படும்போதே வார்த்தை சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவேதான், ஆனால் பட்டதா? செம்பு நினைவிருக்கிறது, செம்பைச் சாய்த்தது நினைவிருக்கிறது, உள்ளங்கை அகலம்தான் தலை, கருகருவென்று முடி, தண்ணீர் முடிமேல் ஓடியதா, தோலில் இறங்கியதா, சுற்றியிருந்த பழம்புடவையில்தான் விழுந்ததா? வார்த்தையை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு ஊற்றினாளா, ஊற்றிவிட்டுச் சொன்னாளா? சொன்னாளா? அதற்கு மேல் ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்ட சிலேட்டு, அடுத்தது லூயிசா அத்தையின் முகம்தான். மத்தியானம் அப்பாவோடு மாட்டுவண்டியில் வந்து இறங்கின அத்தை, அவளை மூலையில் நிறுத்திவைத்து, ஊத்தினியா, தலையில பட்டுதா, எத்தனை தடவை ஊத்தினே, ஊத்தறப்போவே சொன்னியா, சரியாச் சொல்லுடி, இல்லைன்னா அந்தப் பிள்ளை மோட்சத்துக்கும் போகாது எங்கேயும் போகாது, என்றைக்கும் இப்படியும் அப்படியும் இல்லாமல் கிடக்கும், உன்னாலதான் கிடக்கும் என்றாள். சாயங்காலம் சாமியார் வந்து நல்ல மாதிரியாகத்தான் கேட்டார், அம்மா, தண்ணீர் பட்டதா என்று. பட்டது சாமி, மூணு தடவை ஊத்தினேன் என்றாள். பொய். தெரியாது என்பதுதான் நிஜம். பட்டது என்றதால் தங்கச்சியைக் கல்லறைத் தோட்டத்தில், மந்திரித்த மண்ணில் புதைத்தார்கள், பட்டது என்றதால் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள், அன்று சாயங்காலம் கிணற்றடியில் அவள் முதல்முதலாகக் கையில் தண்ணீர் ஊற்றி அந்த வார்த்தையைச் சொல்லிப்பார்த்தாள், சரியாக வருகிறதா என்று, ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்று.

முப்பத்தொரு வருஷம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமலா இருந்தாள்? சொன்னாள், மன்னிப்புக் கிடைத்தது, சரியாகச் சொன்னோமா என்று சந்தேகம் வந்து மறுவாரம் மறுபடி சொன்னாள், கடைசியில் ஒரு கிழச் சாமியார், மகளே, இதை இனி என்னிடமும் சொல்லாதே, வேறு யாரிடமும் சொல்லாதே, இது கட்டளை என்றார், அதற்குக் கீழ்ப்படிந்தாள், கைதான் கீழ்ப்படியவில்லை. விக்டர் பிறந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது, அவன் நடக்கிறவரைக்கும் அவனைத் தொடவில்லை, கோயிலுக்கு எடுத்துப்போனபோது தலைவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டாள், நடக்க ஆரம்பித்த பிறகு சிலேட்டும் பலப்பமுமாக அவனை விடவே இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், வேடிக்கையா அது, அந்த அறையில் இருந்த ஒரே சாட்சி, அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு உலகத்திலேயே மிச்சமிருந்த ஒரே சாட்சி, வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் கூடையை இறக்குகிறாள். வெள்ளிக்கிழமை கறி கூடாது, மீன்தான், அதனால் வருஷத்தில் ஐம்பத்திரண்டு தடவை அந்தோணியம்மாள் நேருக்கு நேர் உட்காருகிறாள், மர்சலின் வஞ்சிரம் இருக்கா, சங்கரா என்ன இவ்வளவு சின்னது என்று கேட்பாள், அதைக் கேட்கமாட்டாள். கேட்டு, படலையே பாப்பா என்று சொல்லிவிட்டால்? கேட்காதவரைக்கும் பட்டிருக்கவும் வழி இருக்கிறதல்லவா? அந்த வழியை அடைத்துவிட்டு எங்கே போவது, எந்தக் குழாய்க்குப் போவது?

"அம்மா, கொஞ்சம் முன்னாடி நகுந்து குந்துங்க, வண்டி பின்பாரமாக் கீது" என்று கரீமுல்லா குரல் கொடுத்தான். நகரலாம் என்று அவள் எண்ணுவதற்குள் சக்கரம் மழைத்தண்ணீர் நிறைந்த பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஜட்காவின் முன்பக்கம் வானத்தைப் பார்த்து எழும்பியது, வைக்கோலும் பாயும் அவளுமாகப் பின்னால் சரிந்தார்கள், மடியிலிருந்த மூட்டை உருண்டது. ஒரு அங்குலம் தள்ளி நின்ற கைகள் அவளைக் கேட்கவில்லை. அள்ளிப் பிடித்து மார்போடு சேர்த்துக்கொண்டன, தலைக்கு அடியில் ஒரு கை, முதுகுக்கு அடியில் ஒரு கை, யாரோ நாள்தோறும் பழக்கிவைத்த மாதிரி. குதிரை ஒரு இழு இழுத்தது, வண்டி மேலே ஏறிவிட்டது, விக்டர் பதறித் திரும்பினான், குழந்தை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. அந்தோணியம்மாள் ஜட்காவின் கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி விழுந்துவிழுந்து சிரித்தாள். "புடி உட மாட்டியே நீ! அன்னிக்கி புட்ச மாரியே புடிக்கிறே பாரு" என்றாள். எந்தப் பிடி? என்றைக்கு? இப்போது கேட்காவிட்டால் இனி வெள்ளிக்கிழமையும் கேட்கமாட்டோம், சாகிறவரைக்கும் கேட்கமாட்டோம், கேள், கேட்டுவிடு...

"அந்தோணியம்மா, அன்னைக்கி... தங்கச்சி தலையில தண்ணி பட்டுச்சா?"

அந்தோணியம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். "எனுக்கு இன்னா தெரியும் பாப்பா? நான் உங்க அம்மா வயித்த அமுக்கிக்கினு இருந்தேன். கைய எடுத்தா உங்க அம்மாவும் போயிருக்கும். நான் உன் பக்கம் திரும்பவே இல்லியே" என்றாள். பிறகு மடியில் முடிந்திருந்த வெற்றிலையை அவிழ்த்துக்கொண்டே, சந்தையில் நேற்று நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "ரத்தம் நின்னப்புறம் திரும்பிப் பாக்கறேன், நீ அந்த மூலைல புள்ளய வச்சிக்கினு குந்தினு கீறே. அது அப்பவே போயிட்சி. நீ குடுக்கல. குடும்மான்றேன், மாட்டேன்றே, தூங்குதுன்றே. உங்க நைனா வண்டியோட வர்ற வரிக்கும் உடல. லூயிசாம்மா வந்து புடுங்கறப்போ நான் புள்ளயத் தொட்டுப் பாத்தேன், சூடாக் கீது! இன்னாடா இது, உயிரு கீதான்னு எனுக்கே தூக்கிவாரிப் போட்டுட்சி. அப்பால பாத்தா அது புள்ள சூடு இல்ல, உன் சூடு."

தெரியாதாம். யாருக்கும் தெரியாதாம். இந்தப் பதிலை மர்சலின் ஒரு நாளும் நினைத்துப்பார்த்ததில்லை, பட்டது, படவில்லை, இரண்டுக்கும் தன்னைத் தயார் செய்து வைத்திருந்தாள், மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை. ஒரே சாட்சி திரும்பிப் பார்க்கவில்லை. இனிக் கேட்க ஆளே இல்லை, அம்மா இல்லை, அத்தை இல்லை, கேட்டுக்கேட்டு எங்காவது பதில் கிடைக்கும் என்கிற பேச்சே இல்லை. உலகம் இடியவேண்டும், கச்சேரி ரோடு பிளக்கவேண்டும், ஒன்றும் ஆகவில்லை, கரீமுல்லா குதிரையிடம் ஏதோ கொஞ்சலாகப் பேசிக்கொண்டு போகிறான். பரீட்சை கிடையாது என்று பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் முதலில் நம்பாமல் நின்று பார்ப்பார்களே, அப்படி நின்று பார்த்தாள். பிறகு மெதுவாக, கால் விரலிலிருந்து, ஒரு லேசு ஏறியது. சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. தூங்குதுன்னு சொன்னேனா நான்? குடுக்கமாட்டேன்னேனா? இந்தக் கையா? ஊற்றத் தெரியாத கை என்றுதானே இத்தனை வருஷம் தேய்த்தோம், இது பிடிக்கவும் பிடித்திருக்கிறதே, மத்தியானம் வரைக்கும் பிடித்திருக்கிறதே, அதை ஒருத்தரும் கேட்கவில்லையே, அத்தை கேட்டதெல்லாம் தண்ணீரைப் பற்றித்தானே... அப்போதுதான் வெதுவெதுவென்று ஏதோ முழங்கை வழியாக இறங்கியது. இன்றைக்கென்று கஞ்சி போட்டு மடித்த வெள்ளைப் புடவை, நாலு தடவை கழுவின கை. விக்டர் திரும்பிப் பார்த்து நடுங்கிவிட்டான், அக்கா, அக்கா, கோயில்ல குழாய் இருக்கு, உடனே போயிடலாம் என்றான். "எம்டன் பய! டீச்சரம்மாக்கே ஞானஸ்நானம் குடுத்துட்டான்" என்றாள் அந்தோணியம்மாள். மர்சலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எம்டன் என்ற சொல்லுக்குச் சிரிப்பாள் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் அவர்களை உள்ளே வைத்துப் பூட்டியிருப்பாள்.

கோயில் வாசலில் ஃப்ளோரன்ஸின் அண்ணன் லியோனார்ட், ஞானத்தகப்பன், மெழுகுவர்த்தியோடு காத்திருந்தான், சாமியாரும் வந்துவிட்டார். குழாய் வலது பக்கம் இருந்தது, சொட்டுச்சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது, அவளுக்குத் தெரிந்தது, கால் அந்தப் பக்கம் ஒரு அடி போகவும் போனது, கழுவாமல் எப்படி, ஈரக் கையோடு கோயிலுக்குள் எப்படி, மூன்றே மூன்று செம்பு... ஆனால் கழுவவேண்டுமென்றால் குழந்தையை யாரிடமாவது கொடுக்கவேண்டும், கொடுக்க மனம் வரவில்லை, விஷயம் அவ்வளவுதான். அப்படியே உள்ளே போனாள். நாக்கில் உப்பு வைத்தபோது ஹென்றி, அதுதான் பெயர் என்று முடிவாகியிருந்தது, கிழவன் மாதிரி முகத்தைச் சுளித்தான். பிசாசை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்டார், விட்டுவிடுகிறேன் என்று குழந்தைக்காக அவள் சொன்னாள், ஒரே தடவைதான் சொன்னாள். ஞானஸ்நானத் தொட்டியருகே போனாள், இப்போது பார்க்கவேண்டும், கண்கொட்டாமல் பார்க்கவேண்டும், தோலில் இறங்குகிறதா, வார்த்தையும் தண்ணீரும் சேர்ந்து போகிறதா, பார்த்துவிட்டால் இந்த ஒன்றாவது நிச்சயம்... சாமியார் தண்ணீர் மொண்ட சிப்பியைச் சாய்த்தார், லத்தீனில் சொல்ல ஆரம்பித்தார், அந்த நேரம் பார்த்து ஹென்றி கண்ணை அகலத் திறந்து, ஓரமாகத் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்தான். உதடு நடுங்கிப் பிதுங்கியது, அழப்போகிறான், இதோ அழப்போகிறான், ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா ராஜா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்... நிமிர்ந்தபோது சாமியார் பஞ்சால் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முடிந்துவிட்டது. அவள் பார்க்கவில்லை. பட்டதா? கேள்வி வழக்கம்போல வந்தது, வாசலில் வந்து நின்றது, ஆனால் குழந்தை இப்போது ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தான், அவனைத் தோளில் போட்டுத் தட்டவேண்டியிருந்தது, கேள்விக்கு நாற்காலி போட அவளுக்கு நேரமில்லை.

திரும்பும்போது விக்டர் மறுபடி, "அக்கா, குழாய்... கை கழுவிட்டு வர்றியா? நாங்க நிக்கிறோம்" என்றான். அவன் குரலில் இத்தனை வருஷமும் நின்ற பழக்கம் இருந்தது. பாவம், பிறந்ததிலிருந்து வாசலில் நின்று காத்திருக்கிற பிள்ளை, ஒரு நாளாவது சலித்துக்கொண்டானா? "அப்புறம் பாத்துக்கலாம்டா, இவன் இப்பத்தான் கண்ணை மூடறான்" என்றாள். வீட்டுக்குப் போனதும் கழுவுவாள், தெரியும், மூன்று தடவையோ ஒன்பது தடவையோ, நாளைக்கும் கழுவுவாள், இதெல்லாம் ஒரு ஜட்கா சவாரியில் தீர்ந்துபோகிற சமாசாரமா? போகட்டும். இப்போது கழுவவில்லை. வண்டி கடற்காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கச்சேரி ரோட்டுக்குத் திரும்பியது, கரீமுல்லா சொல்லாமலே அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள், குழந்தையின் சூடு ஈரப் புடவையைத் தாண்டி உள்ளே வந்தது. உள்ளங்கை அகலத் தலை. கருகரு முடி. அதற்குக் கீழே? செம்பின் நசுங்கல் தெரிகிறது, ஈயம் கறுத்த இடம் தெரிகிறது, அப்பா பெயரின் எழுத்து தெரிகிறது, தங்கச்சியின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மத்தியானம் வரைக்கும் பிடித்திருந்தாளாமே, அவ்வளவு நேரம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்? இத்தனை வருஷத்தில் இதை ஒரு தடவைகூடத் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அந்தோணியம்மா" என்றாள். "அது யார் ஜாடை? அம்மாவா, அப்பாவா?"

அந்தோணியம்மாளுக்கு வாய் நிறைய வெற்றிலைச் சாறு. எது, யாரைப் பற்றி என்று கேட்கவில்லை, உடனே புரிந்துகொண்டாள், புருவத்தை உயர்த்தினாள், பேச வாயைத் திறக்கமுடியாமல் ஒரு கையைத் தூக்கி, இரு இரு, துப்பிட்டு வந்து சொல்றேன் என்று சாடை காட்டிவிட்டு ஜட்காவின் பின்பக்கம் எட்டிக் குனிந்தாள். மர்சலின் குழந்தையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.